நாலு வீடு, நாலு மாடித் தோட்டம்: முறை வைத்து வேலை செய்து, சேர்ந்து சாப்பிட முழுமையான வழிகாட்டி

பெங்களூரில் மாடித் தோட்டம் வைத்திருக்கும் நண்பர்கள் ஒன்றுசேர்ந்து, இந்த ஞாயிறு உங்கள் வீடு, அடுத்தது எங்கள் வீடு என்று ஆரம்பிப்பது சுலபம். மூணாவது முறைக்குள் பாதிப் பேர் கழன்றுகொள்வதும் வழக்கம். புதிதாகத் தொடங்கிய குழுக்களைப் பார்த்தவரையில், பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: வீட்டுக்காரர் எதையும் தயார் செய்து வைக்கவில்லை. வந்தவர்கள் கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்) ஊறும்வரை பேசிக்கொண்டு நிற்கிறார்கள், வெயில் ஏறிய பிறகு மண்ணைத் தொடுகிறார்கள், மூணு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு முதுகு வலியோடு கிளம்புகிறார்கள். அடுத்த தடவை "அன்னைக்கு ஒரு கல்யாணம் இருக்கு" என்று செய்தி வருகிறது.

அதனால் இந்த வழிகாட்டியில், கூடும் நாளைவிட அதற்கு முந்தைய நாட்களைப் பற்றித்தான் அதிகம் இருக்கும்.

1. ஆள் சேர்ப்பு: நாலு வீடு, அரை மணி தூரம்

நாலு வீடு போதும். இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு என்று வைத்தால், நாலு வீட்டுக்கு எட்டு வாரத்தில் ஒரு சுற்று முடியும். அந்த இடைவெளி செடிக்கும் பொருந்துகிறது. சிறுகீரை 25 முதல் 30 நாளில் அறுவடைக்கு வரும். வெண்டை 45, 50 நாளில் காய்க்கத் தொடங்கும். அடுத்த முறை நண்பர்கள் வரும்போது உங்கள் தோட்டம் வேறு கட்டத்தில் இருக்கும், செய்ய வேறு வேலையும் இருக்கும்.

ஆறு வீடு என்றால் சுற்றுக்கு மூணு மாதம் ஆகிறது. அதற்குள் களை ஆளுயரம் வளர்ந்துவிடும். இரண்டே வீடு என்றால் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலே எல்லாம் நின்றுவிடும்.

தூரத்தை நட்புக்காக விட்டுக்கொடுக்காதீர்கள். ஒருவர் அல்சூரிலும் இன்னொருவர் எலக்ட்ரானிக் சிட்டியிலும் இருந்தால் போகவர ஆகும் நேரம் வேலை நேரத்தைத் தின்றுவிடும். காக்ஸ் டவுன், லிங்கராஜபுரம், கம்மனஹள்ளி, பானசவாடி போல அடுத்தடுத்த பகுதிகளாகப் பாருங்கள். இல்லையென்றால் எல்லோரும் ஒரே மெட்ரோ தடத்தில் இருக்கட்டும். அல்சூர், இந்திரா நகர், கே.ஆர்.புரம் மூன்றும் ஊதா தடத்தில்தான் வருகின்றன.

தோட்டத்தின் அளவு ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பால்கனியில் எட்டுத் தொட்டி வைத்திருப்பவரும் மொட்டை மாடி முழுக்கச் செடி வளர்க்கும் பை வைத்திருப்பவரும் ஒரே குழுவில் இருக்கலாம். ஆனால் இரண்டாவது படியில் உள்ளதைப் பேசி முடித்த பிறகு.

2. மண்ணைத் தொடும் முன் பேசி முடிக்க வேண்டியவை

ஒரு மாலை எல்லோரும் காபிக்கு உட்கார்ந்து பேசிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் பேசினால் எல்லோரும் கட்டைவிரல் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள், எதுவும் முடிவாகாது.

முதலில் கணக்கு. ஒரு முறைக்கு ஒரு முறை, அவ்வளவுதான். "எங்க வீட்ல மூணு மணி நேரம் செஞ்சாங்க, அவங்க வீட்ல ஒண்ணரை மணிதான்" என்று மொய் நோட்டு மாதிரி எழுத ஆரம்பித்தால் குழு கலைந்துவிடும். பெரிய தோட்டக்காரருக்கு ஒரு வரம்பு மட்டும் வையுங்கள்: எத்தனை பை இருந்தாலும் மூணு மணி நேரம்தான், மீதி அவருடையது.

அடுத்து, வாடகை வீட்டுக்காரர்கள் ஓனரிடம் சொல்லிவிட வேண்டும். எட்டுப் பேர் மொட்டை மாடியில் மண் கிளறுவதைத் திடீரென்று பார்த்தால் யாருக்கும் கோபம் வரும். எடை பற்றிய கேள்வியும் வரும், அது நியாயமானதுதான். ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு ஐ.எஸ். 875 என்ற இந்தியக் கட்டடத் தரநிலை கணக்கில் எடுத்துக்கொள்ளும் பாரம் சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன், அதாவது சுமார் 150 கிலோ. 20 லிட்டர் பை ஒன்று ஈரத்தோடு 20 கிலோ அளவில் நிற்கும். பைகளை நடுவில் குவிக்காமல், சுவரும் உத்தரமும் போகிற வரிசையில் பரவலாக வைத்திருக்கிறீர்கள் என்று காட்டினால் ஓனர் பாதி சமாதானம் ஆவார். பழைய கட்டடம், ஒழுகும் கூரை என்றால் ஒரு பொறியாளரைக் கேட்காமல் புதுப் பை ஏற்ற வேண்டாம்.

மூன்றாவது, யார் எதைச் சாப்பிட மாட்டார்கள் என்பது. அமாவாசை, ஏகாதசி, கார்த்திகை, வெங்காயம் பூண்டு இல்லாத நாள், சர்க்கரை, வேர்க்கடலை ஒவ்வாமை, எல்லாம் ஒரே தாளில் எழுதி நாலு வீட்டுச் சமையலறையிலும் ஒட்டிவிடுங்கள். சமைத்து வைத்த பிறகு "நான் இன்னைக்குச் சாப்பிட மாட்டேனே" என்று கேட்பது வீட்டுக்காரருக்கு வருத்தமாக இருக்கும்.

3. யார் வீடு முதலில்

இருப்பதிலேயே சின்னத் தோட்டம். எல்லோரும் நேர்மாறாகச் செய்கிறார்கள். பெரிய மாடியில், அதிக வேலை இருக்கிற இடத்தில் உற்சாகமாகத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டு வருகிறார்கள். சின்னத் தோட்டத்தில் வேலை முடிந்துவிடும். முடிந்த வேலையைப் பார்த்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தால் இரண்டாவது முறைக்கு ஆள் தானாக வரும். யாருக்கு எந்த வேலை கைவரும், யார் எட்டு மணி என்றால் ஒன்பதுக்கு வருவார்கள் என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

பிறகு பருவத்தைப் பார்த்து வரிசை போடுங்கள். ஜூன் கடைசி, ஜூலையில் தொடங்குவது உத்தமம். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது இங்கும் நடக்கும், வெயில் தணிந்து சாரல் தொடங்கியிருக்கும். செப்டம்பர், அக்டோபரில் மழை பலமாக இருக்கும். அந்தச் சமயத்து முறை, பந்தலும் கூரையும் இருக்கும் வீட்டில் விழட்டும். இந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் குளிர்காலத்தில் முட்டைக்கோஸ், காலிஃப்ளவர், நூக்கல் மாடியிலேயே வரும். அவற்றுக்கு அக்டோபர் முறையில் நாற்று தயாராக இருக்க வேண்டும், அப்படியென்றால் விதையைச் செப்டம்பரிலேயே குழித்தட்டில் போட்டிருக்க வேண்டும்.

4. பத்து நாள் முன்பிருந்து வீட்டுக்காரர் வேலை

முறை நிற்பதும் ஓடுவதும் இந்தப் படியில்தான்.

ஒரு மாலை தனியாக மாடிக்குப் போய் தோட்டத்தை ஒரு சுற்று சுற்றுங்கள். செய்ய வேண்டியது இருபது தெரியும். அதில் தனியாகச் செய்ய முடியாத ஒன்றை மட்டும் பெரிய வேலையாக எடுங்கள். பந்தல் கட்டுவது, எல்லாப் பையிலும் மண் மாற்றுவது, கனமான தொட்டிகளை இடம் மாற்றுவது போல, பல கை தேவைப்படுகிற வேலை. தண்ணீர் ஊற்றுவது, பழுத்த இலை கிள்ளுவது எல்லாம் நீங்கள் தினமும் செய்துகொள்ளலாம். அதற்கு நண்பர்களைக் கூப்பிடாதீர்கள். பெரிய வேலை ஒன்று, சின்ன வேலை இரண்டு, அதற்கு மேல் பட்டியல் போகக் கூடாது.

மண் கலவை வேண்டும் என்றால் இப்போதே கலக்கத் தொடங்குங்கள். மாடிக்குச் செம்மண், கோகோபீட், மண்புழு உரம் மூன்றும் சம அளவு என்பது பலரும் பின்பற்றும் கணக்கு. இதில் வேப்பம் புண்ணாக்கோ முழுதாக மட்காத சாணமோ சேர்த்தால், லேசான ஈரத்தோடு ஒரு வாரம், பத்து நாள் ஆற விட வேண்டும். மட்கும்போது கிளம்பும் சூட்டில் இளவேர் கருகிவிடும். புதியவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான்: ஞாயிறு காலை எல்லோரும் சேர்ந்து புண்ணாக்கு போட்டுக் கலந்து, அன்றே நாற்றும் நட்டுவிடுகிறார்கள். புதன்கிழமை செடி தலை சாய்ந்துவிடுகிறது. யாரோ வேரை உடைத்துவிட்டார்கள் என்று வீட்டுக்காரர் மனதுக்குள் நினைக்கிறார்.

பத்து நாள் கிடைக்கவில்லையா? அந்த முறையில் கலந்து பையில் நிரப்புவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விதைப்பதை அடுத்த வாரம் நீங்களே செய்யலாம், அதற்கு ஒரு ஆள் போதும்.

பொருள் வாங்குவதும் இந்த வாரமே. லால்பாக் அருகே சித்தாபுராவில் வரிசையாக நர்சரிகள் இருக்கின்றன. லால்பாக் உள்ளேயும் கூட்டுறவுச் சங்கத்தின் விற்பனை இடம் உண்டு. விதைக்கு ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரகங்களைப் பாருங்கள். வெண்டையில் அர்கா அனாமிகா, மஞ்சள் நரம்புத் தேமல் என்ற வைரஸ் நோயைத் தாங்கும் என்பதற்காகவே உருவாக்கிய ரகம்.

கடைசியாக, செடிகளுக்கு அடையாளம் கட்டுங்கள். இதை யாரும் செய்வதில்லை. பழைய துணியைக் கிழித்து, தொடக் கூடாத செடிக்குச் சிவப்பு, வெட்டலாம் என்பதற்கு வெள்ளை என்று கட்டிவிட்டால் போதும். உங்களுக்கு எது எங்கே என்று தெரியும். வருகிறவருக்கு மணத்தக்காளி களையா, கீரையா? ஒரு வீட்டில் அது வத்தலுக்கு வளர்ப்பது, அடுத்த வீட்டில் பறவை எச்சத்தில் முளைத்த களை. மஞ்சள் கிழங்கு முளைவிடும்போது அதன் சுருண்ட குருத்தைப் புல் என்று நினைத்துப் பிடுங்குவதற்குத் தோட்ட அனுபவம் இருக்கிறவர்களே தயங்குவதில்லை. "அக்கா, இதைப் பிடுங்கட்டுமா?" என்று எட்டுப் பேர் எட்டு மூலையிலிருந்து கேட்டால் நீங்கள் ஓடிக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

5. முந்தின நாள் மாலை

கோகோபீட் கட்டியை ஊற வையுங்கள். 5 கிலோ கட்டி 20 லிட்டருக்கு மேல் தண்ணீர் குடித்து, பெரிய பிளாஸ்டிக் டப்பை நிரப்பிவிடும், 60 லிட்டருக்கு மேல் பொலபொலப்பாகக் கிடைக்கும். பக்கெட்டில் போட்டால் விளிம்பு தாண்டிக் கொட்டும். முதல் தண்ணீர் பழுப்பாக வரும், அதில் உப்பு இருக்கும். வடித்துவிட்டு இன்னொரு முறை ஊறவிடுங்கள். காலையில் ஊற வைத்தால் நடுப்பகுதி கட்டியாகவே இருக்கும், அதை உடைக்கவே ஒரு ஆள் தேவைப்படும். பத்து நாள் முன்பே கலவை தயாரிப்பவர்கள் இந்த வேலையையும் அப்போதே முடித்திருப்பார்கள்.

பைகளுக்கு லேசாகத் தண்ணீர் விடுங்கள். காய்ந்த மண்ணில் களை வேர் அறுந்து உள்ளேயே தங்கிவிடும். சேறாக இருந்தால் மண் இறுகிவிடும். முந்தின மாலை விட்ட தண்ணீர் காலையில் சரியான பதத்தில் இருக்கும்.

மொட்டை மாடியின் மழைநீர்த் துளையை மறக்காதீர்கள். பழைய கொசுவலைத் துண்டை இரண்டாக மடித்து அதன் மேல் விரித்து, ஒரு செங்கல் வையுங்கள். கோகோபீட் நார் அந்தக் குழாயில் இறங்கினால் அடுத்த மழையில் தண்ணீர் மாடியிலேயே தேங்கும். கீழ்வீட்டு பால்கனியில் செம்மண் தண்ணீர் சொட்டினால் தோட்டத்தையே எடுக்கச் சொல்லும் அளவுக்குப் பேச்சு போகும்.

அந்த வாரம் எந்த மருந்தும் தெளிக்க வேண்டாம், வேப்பெண்ணெய் உட்பட. மறுநாள் எல்லோரும் இலையைத் தொடுவார்கள், கீரையும் பறிப்பீர்கள்.

6. காலை 8 மணி: எது முதலில், எது கடைசியில்

எட்டுக்குத் தொடங்கி பதினொன்றுக்கு முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு டிசம்பரில்கூடத் தளம் சுட ஆரம்பிக்கும். எல்லோரும் வீட்டிலேயே ஏதாவது லேசாகச் சாப்பிட்டுவிட்டு வரட்டும். வந்தவுடன் டிபன் என்று உட்கார வைத்தால் ஒன்பதரைக்குத்தான் எழுந்திருப்பார்கள்.

முதல் பத்து நிமிஷம் யாரும் எதையும் தொடக் கூடாது. வீட்டுக்காரர் எல்லோரையும் ஒரு சுற்று அழைத்துப்போய், இன்றைய பெரிய வேலை இது, சிவப்புத் துணி கட்டியதைத் தொடாதீர்கள் என்று காட்டட்டும். பிறகு இரண்டிரண்டு பேராகப் பிரித்துவிடுங்கள், தெரிந்தவர் ஒருவர், புதியவர் ஒருவர்.

பறித்தல். வெயில் படும் முன் பறித்த கீரைதான் வாடாமல் இருக்கும். சமையலறைக்குப் போக வேண்டியதும் இதுதான். மேலும் வெட்டும்போதும் மண் தள்ளும்போதும் காய் அடிபடும், அதனால் முதலில் எடுத்துவிடுவது நல்லது.

வெட்டுதல். நோயில்லாத செடியை முதலில், நோய் பிடித்ததைக் கடைசியில். தக்காளியின் பக்கக் கிளையை எடுக்கும் இடத்தில் கவனம் வேண்டும். பந்தலில் ஏற்றும் நெட்டை ரகத்துக்கு இலைக்கும் தண்டுக்கும் இடையில் முளைக்கும் குருத்தைக் கிள்ளலாம். புதராக வளரும் குட்டை ரகத்தில் அந்தக் கிளைகளில்தான் காய் வரும். காணொளி பார்த்துவிட்டு வருபவர்கள் எல்லாத் தக்காளியையும் மொட்டையடித்துவிடுவார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

களை. வெட்டிய கிளைகள் போன பிறகுதான் மண் கண்ணுக்குத் தெரியும், அதனால்தான் இது மூன்றாவது. கோரையை மட்டும் கையால் இழுக்காதீர்கள். இழுத்தால் வெள்ளைத் தண்டோடு சுலபமாக வந்துவிடும், வேலை முடிந்த மாதிரி தோன்றும். மூணு விரற்கடை கீழே கடலை அளவில் கறுத்த கிழங்கு அப்படியே இருக்கும், பத்து நாளில் மறுபடி ஊசி ஊசியாக நிற்கும். களைக்கொத்தியைச் சாய்வாக இறக்கி, மண்ணைப் பெயர்த்து, கிழங்கை விரலால் தேடி எடுக்க வேண்டும். எடுத்ததை உரத் தொட்டியில் போடக் கூடாது, அங்கேயும் முளைக்கும். வெயிலில் நன்றாகக் காயவிட்டுக் குப்பையில் சேருங்கள்.

பெரிய வேலை. ஒன்பது மணி வாக்கில் இதற்கு எல்லோரும் ஒன்றுசேர வேண்டும். கனமான பையைத் தூக்கும்போது காதைப் பிடித்து ஒருவர் இழுத்தால் தையல் விட்டுப்போகும். அடியில் ஒரு சாக்கை நுழைத்து, நாலு மூலையையும் நாலு பேர் பிடித்தால் மண் உதிராமல் நகரும். பந்தல் என்றால் கம்புகளை நட்டுக் கயிறு கட்டிய பிறகே கொடியை ஏற்றுங்கள். செடியைக் கையில் பிடித்துக்கொண்டு கயிறு கட்டினால் குருத்து முறியும்.

ஒன்பதரைக்கு நீர்மோர். மேலேயே கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள். கீழே இறங்கினால் மறுபடி ஏற அரை மணி ஆகும்.

நடுதல். நேரம் இருந்தால் மட்டும். நாற்று நட ஏற்ற நேரம் மாலைதான், இரவு முழுக்க வேர் பிடிக்க அவகாசம் கிடைக்கும். மேகமூட்டமான ஜூலை காலையில் நட்டால் பரவாயில்லை. மற்ற மாதங்களில் குழியை மட்டும் நண்பர்களோடு தயார் செய்துவிட்டு, வீட்டுக்காரர் மாலை ஐந்தரைக்கு மேல் நட்டுக்கொள்ளட்டும். "எல்லாரும் சேர்ந்து நட்டோம்" என்று போட்டோ எடுக்க ஆசையாக இருக்கும். ஒரு நாற்றை நட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரும் துப்புரவும். பிள்ளைகள் கையில் பூவாளியைக் கொடுத்துவிடலாம். தொட்டி அடித்தட்டுகளில் நிற்கும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், டெங்கு கொசு முட்டையிட அதுவே போதும். பெருக்கிய இலைகளை நோயில்லாததாகப் பார்த்துப் பைகளில் மண் காயாமல் மூடும் மூடாக்காகப் போடுங்கள்.

7. சாப்பாடு

இதில் ஒரு அநியாயம் வழக்கமாக நடக்கிறது. தோட்டம் யாருடையதோ அந்த அம்மாவே அன்று சமையலறையில் இருப்பார். மேலே மற்றவர்கள் அவர் செடியை வெட்டிக்கொண்டிருப்பார்கள். தோட்டத்தைத் தெரிந்தவர் மாடியில் இருந்தே ஆக வேண்டும். வீட்டில் இன்னொருவர் அடுப்பைப் பார்த்துக்கொள்ளட்டும், முடியாதென்றால் காலையில் அடுப்பு தேவைப்படாத சமையலாக யோசியுங்கள்.

வத்தக்குழம்பும் புளிக்காய்ச்சலும் முந்தின நாள் வைத்தால் மறுநாள் ருசி கூடத்தான் செய்யும். காலையில் சோறும் அப்பளமும் போதும். தயிர் முந்தின இரவே உறை ஊற்றிவிடலாம். மண் வேலை செய்தவர்கள் வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சாப்பிடுவார்கள். ஆளுக்கு ஒரு ஆழாக்கு அரிசி என்று போடுங்கள், பத்தாமல் போவதைவிட மிஞ்சினால் நல்லது.

மற்றவர்கள் ஆளுக்கு ஒன்று கொண்டுவருவது என்று பலர் வைக்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. காலை ஐந்து மணிக்கு எழுந்து கூட்டு செய்து எடுத்து வருபவர் ஒன்பது மணிக்கே களைத்துவிடுவார். அடுத்த முறை யார் வீட்டிலோ, அவர் மட்டும் ஒரு பொரியலோ பாயசமோ கொண்டுவரட்டும். மற்றவர்கள் வெறுங்கையோடு வரலாம்.

அன்று பறித்ததை வைத்தே சமையல் என்று நம்பி யாரையும் கூப்பிடாதீர்கள். மாடியில் ஒரு பை கீரை அடுப்பில் ஏறினால் ஒரு கிண்ணம் மசியல்தான். தோட்டத்திலிருந்து ஒரு பதார்த்தம் இலையில் விழுந்தால் போதும். வெண்டை ஆறு காய்தான் கிடைத்ததா, தயிர்ப் பச்சடி ஆக்கிவிடுங்கள், எல்லோருக்கும் ஒரு கரண்டி வரும்.

டிசம்பர், ஜனவரியில் முறை வருபவர்களுக்கு அதிர்ஷ்டம், ஊரெல்லாம் அவரைக்காய் மணக்கும். முந்தின இரவு அவரைப் பருப்பை ஊற வைத்துவிட்டால், வேலை முடித்து வட்டமாக உட்கார்ந்து பிதுக்கிக்கொண்டே பேசலாம். தனியாகச் செய்தால் சலித்துப்போகும் வேலை, எட்டுக் கை இருந்தால் கால் மணியில் முடியும். அன்றைய பிதுக்கம்பருப்புக் குழம்புக்காகப் பதினொன்றரைச் சாப்பாடு பன்னிரண்டரை ஆனாலும் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது என்பது நம் வீடுகளில் ஊறிப்போனது. நல்ல பழக்கம்தான், ஆனால் ஒருவர் லட்டு போட்டுத் தந்தால் அடுத்தவர் மைசூர்பாகு கிளறத் தொடங்குவார். இரண்டு கொத்து கறிவேப்பிலையோ நாலு பச்சை மிளகாயோ போதும் என்று முதலிலேயே பேசிவையுங்கள்.

8. கருவியோடும் நாற்றோடும் பயணம் செய்யும் பூச்சி

ஒரு வீட்டுச் செம்பருத்தியில் இருக்கும் மாவுப்பூச்சி, எட்டே வாரத்தில் நாலு வீட்டுக்கும் போய்விடும். கொண்டுபோவது நாம்தான், கத்தரியில், கையுறையில், சட்டைக் கையில்.

கொத்து, மண்வெட்டி, பூவாளி எல்லாம் அந்தந்த வீட்டிலேயே இருக்கட்டும். கையுறையும் செடி வெட்டும் கத்தரியும் மட்டும் அவரவர் கொண்டுவரலாம். மருந்துக் கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து, வந்தவுடன் ஒரு முறை, நோய்ச் செடியைத் தொட்டபின் ஒரு முறை கத்தரியைத் துடையுங்கள்.

அன்பளிப்பாக வரும் நாற்றை நேராக உங்கள் செடிகளுக்கு நடுவே வைக்காதீர்கள். ஒரு வாரம், பத்து நாள் தனி மூலையில் வைத்து, இலையின் அடிப்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய ஒரு சொட்டு சோப்புக் கரைசல், மாலையில் தெளிப்பு. உச்சி வெயிலில் தெளித்தால் இலை பொசுங்கும்.

உங்கள் தோட்டத்தில் பூச்சி பலமாக இருந்தால் அதை மறைக்காமல் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். அன்றைய வேலையை மாற்றிக்கொள்ளலாம், அல்லது முறையை அடுத்தவரோடு மாற்றிக்கொள்ளலாம்.

9. விதை, விளைச்சல், காசு

மண், உரம், பை எல்லாம் அவரவர் செலவு. கோகோபீட், புண்ணாக்கு போன்றவற்றை மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம், ஆனால் அன்றே காசைக் கொடுத்துவிட வேண்டும்.

விளைச்சலை எடை போட்டுப் பிரிக்காதீர்கள். வீட்டுக்காரர் விரும்பியதைத் தருவார், தராவிட்டாலும் கேட்கக் கூடாது.

விதை பகிரும்போது காகித உறையில் பெயரும் மாதமும் எழுதுங்கள். வீரிய ஒட்டு ரகமா, சாதா ரகமா என்பதையும் எழுத வேண்டும். அர்கா ரக்ஷக் தக்காளி வீரிய ஒட்டு ரகம், அதன் பழத்திலிருந்து எடுத்த விதை தாய்ச்செடி மாதிரியே வராது. இது தெரியாமல் கொடுத்துவிட்டு, "நீங்க குடுத்த விதை சரியில்லை" என்று பேச்சு வாங்க வேண்டாம்.

10. மார்ச் வந்தால் வேலை வேறு

கோடையில் புதுச் செடி நட முறை வைக்காதீர்கள். 2024 மார்ச் தட்டுப்பாட்டில் பெங்களூரு குடிநீர் வாரியம், தோட்டத்துக்குக் குடிநீர் பயன்படுத்தத் தடை விதித்து, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. அந்தக் கோடையில் பல ஆழ்துளைக் கிணறுகளும் வற்றின. அதை மனதில் வைத்துத் திட்டமிடுங்கள்.

மார்ச், ஏப்ரல் முறைகளில் நிழல்வலை கட்டுவது, மூடாக்கு போடுவது, தொட்டிகளை நெருக்கி நிழலில் சேர்ப்பது, அரிசி காய்கறி கழுவிய தண்ணீரைப் பிடிக்க ஏற்பாடு செய்வது, இவை போதும். நேரத்தையும் ஏழரைக்கு முன்தள்ளி, ஒன்பதரைக்கு டிபனோடு முடித்துக்கொள்ளுங்கள். பொடி தடவிய இட்லிக்குச் சட்னியும் வேண்டாம்.

11. ஒருவர் வர முடியாதபோது

வர முடியாதவர் வியாழக்கிழமைக்குள் சொல்லிவிட வேண்டும், அரிசியும் வேலையும் அதைப் பொறுத்தது. வராததற்கு ஈடாக அதே வாரத்தில் ஒரு மாலை வந்து ஒரு சின்ன வேலையைச் செய்துகொடுக்கலாம். தொடர்ந்து இரண்டு முறை வராதவரிடம் ஒருவர் மட்டும் போன் செய்து பேசுங்கள், குழுவில் கேட்காதீர்கள். பெரும்பாலும் வீட்டில் வயதானவர்களுக்கு முடியாமல் இருக்கும், அல்லது பிள்ளைகளுக்குப் பரீட்சை. அந்தச் சுற்றில் அவர் வீட்டை விட்டுவிட்டு மூணு வீடாக ஓட்டலாம்.

பொங்கலுக்கும் பள்ளி விடுமுறைக்கும் பாதிப் பேர் ஊருக்குப் போய்விடுவார்கள். அப்போது முறை வேண்டாம், தண்ணீர் விட மட்டும் ஆள் வேண்டும். கிளம்புகிறவர் எந்தப் பைக்குத் தினமும், எதற்கு ஒருநாள் விட்டு ஒருநாள் என்று பையிலேயே சாக்பீஸால் எழுதிவிடட்டும். காய்த்ததைப் பறித்துக்கொள்ளச் சொல்லிவிட்டும் போக வேண்டும். சொல்லாவிட்டால் தண்ணீர் விட வருகிறவர் கூச்சப்பட்டு விட்டுவிடுவார். வெண்டை முற்றி நாராகும், முற்றிய காயைச் சுமக்கும் செடி புதுப் பூ விடுவதையும் குறைத்துக்கொள்ளும்.